துணையாள் எழுதிய குறிப்பு

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ் அலுவலர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் பயன்படும்படி என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட மின்னஞ்சலில் "எளிமையாகவும் ஊக்கமூட்டும் வகையிலும்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. எளிமைக்கு நான் பொறுப்பு. ஊக்கத்தை உங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள். அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

முப்பத்தொரு வருடம் மெல்பேர்னில் ஒரு தொழிற்சங்கத்தின் வழக்கு அலுவலராக இருந்தேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் பத்திரத்துக்கு எத்தனை பிரதி, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் எந்த ஆணையருக்கு மஞ்சள் ஒட்டுத்தாள் பிடிக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் சாப்பாட்டு மேசையில்கூடப் பிரிவு எண் சொல்லித்தான் உப்புக் கேட்பேன் என்று என் மனைவி சொல்லுவாள். மிகைதான், ஆனால் அபாண்டம் இல்லை.

இத்தனையும் தெரிந்த நான் ஒரு வழக்கைத் தோற்கும் விளிம்புக்குக் கொண்டுபோன கதையைத்தான் எழுதப் போகிறேன். அதை மீட்டவர் போன வருடம் காலமானார். பிலிப்பைன்ஸ்காரர். டண்டினோங் பக்கத்தில், ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து இஸ்திரி போட்டு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் பிரதிநிதி. எல்லோரும் அவரைக் 'குயா' என்பார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். என்னைவிட இரண்டு வயது இளையவரை நானும் இருபது வருடம் அண்ணன் என்றே அழைத்தேன். இதற்கு எந்த விதியிலும் தடை இல்லை.

குயா தன் நாட்டில் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒன்றை நடத்தியவர். அங்கே சங்கத்தின் அறிவித்தல்களைச் செய்யுளில்தான் எழுதுவாராம். உரைநடையில் எழுதினால் தொழிலாளி வாசிக்க மாட்டான்; செய்யுளில் எழுதினால் கிழிக்க வந்த பொலிஸ்காரன்கூட முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பான் என்பது அவர் கட்சி. அவர் பேசியது ஆங்கிலம். நான் எழுதும்போது அது யாழ்ப்பாணத் தமிழாக வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதிகளுக்கான முதல் பயிற்சி வகுப்பிலேயே அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. முறைப்பாடு கொண்டுவரும் தொழிலாளியிடம் முதலில் "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து குயா கையை உயர்த்தினார். அப்படிக் கேட்டால் ஆட்கள் தங்களுக்குச் சாதகமான கதையைச் சொல்லுவார்கள், "அந்த நேரம் நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்?" என்று கேட்டால் பொய் சொல்லத் தோன்றாது என்றார். வகுப்பு சிரித்தது. நான் நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனேன். பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை.

இனிச் சுகந்தியின் வழக்கு.

சுகந்தி கிளிநொச்சிப் பிள்ளை. படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காக முடிவுக்குக் காத்திருந்தவள். அப்படிப்பட்ட விசாவில் வேலை போனால் அரசு உதவித்தொகை கிடையாது. பாதுகாப்பு விதியை மீறினாள் என்று நீக்கினால் அந்த வட்டாரத்தில் வேறெந்தத் தொழிற்சாலையும் வாசலில் விடாது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவளும் அந்த ஒரு வேலையின் மேல்தான் நின்றார்கள்.

நடந்தது இதுதான். பெரிய உருளைகளுக்கிடையே படுக்கை விரிப்புகளை இழுத்து இஸ்திரி போடும் இயந்திரம் ஒன்று. அதில் ஒரு விரிப்புச் சிக்கியபோது இயந்திரத்தை நிறுத்தி, பாதுகாப்புக் கதவைத் திறந்து, ஒரு தொழிலாளி உள்ளே கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கியது. கையுறை போனது, கை தப்பியது. ஓட்டும் பச்சைப் பொத்தானுக்கு அருகில் நின்றவள் சுகந்தி. கமராவுக்கு முன்னால் துணி வண்டி ஒன்று நின்றதால் படத்தில் துணிதான் தெரிந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளை விளக்கம் கேட்கக் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் இருவர்: உற்பத்தி மேனேஜர், மனிதவளப் பிரிவின் அதிகாரியான ஒரு அம்மா. சுகந்தியோடு துணைக்கு ஒருவர் போகலாம். துணையாள் பக்கத்தில் இருக்கலாம், குறிப்பெடுக்கலாம். அவளுக்காகப் பதில் சொல்லக் கூடாது. அந்தக் கம்பெனியின் விதி அப்படி. நான் குயாவை அனுப்பினேன். தொலைபேசியில் இரண்டு கட்டளை கொடுத்தேன்: வாயைத் திறக்க வேண்டாம், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அன்று பின்னேரம் அவர் இரண்டு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முழுவதும் அவருடைய மொழியில். இடது பக்கம் ஒட்டி, குட்டை குட்டையான வரிகள்.

"இது என்ன?"

"குறிப்பு, சேர். எழுதச் சொன்னியள்."

"இது கவிதை."

"குறிப்புத்தான். வரி கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான்."

கூட்டம் முடிந்ததும் அந்த அதிகாரி பிரதி கேட்டதாகவும் தான் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். நான் தலையில் கைவைத்தேன். மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆணையத்தில் கவிதை எடுபடாது என்று சொல்லி, தாள்களைக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் செருகினேன். நிராகரித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நிராகரிப்பதற்கு முதலில் வாசிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் சுகந்திக்கு நீக்கக் கடிதம் வந்தது. இயந்திரத்தைத் தானே இயக்கியதாக அவள் கூட்டத்தில் ஒப்புக்கொண்டாள் என்று அதில் இருந்தது. மேனேஜர் தட்டச்சுச் செய்து, அவரும் அந்த அதிகாரியும் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பு இணைப்பாக இருந்தது. சுகந்தி என் அறையில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நான் தொடவே இல்லை அண்ணை. அங்கேயும் அதைத்தான் சொன்னனான். கேரம் டவுன்ஸ் கோயிலில நிண்டும் சொல்லுவன்."

கோயில் சாட்சியத்தை ஆணையம் ஏற்பதில்லை என்று நான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கேட்டது அதுவல்ல.

விண்ணப்பத்தை நான்காம் நாளே போட்டேன். தொலைபேசிச் சமரசப் பேச்சு அரை மணியில் முறிந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குயாவின் சாட்சி வாக்குமூலத்தை நான் தயாரித்தேன். இந்த மாதிரி வாக்குமூலங்களுக்கு என்னிடம் ஒரு வார்ப்பு இருந்தது; பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். அதன் நான்காம் பந்தி: "நான் துணையாளாக மட்டுமே இருந்தேன். கூட்டத்தில் எதுவும் பேசவில்லை." குயா மெதுவாக வாசித்து வந்தவர், நான்காம் பந்தியில் விரலை வைத்தார்.

"இது தேவையோ, சேர்?"

"வழமையான பந்தி. எல்லாரும் போடுறது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாள் காலையில் ஆணையர், வழக்கைத் தொடங்குமுன் இரு தரப்பையும் ஒரு சிறு அறையில் இருத்தி, கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்றார். கம்பெனி சார்பில் அதே இருவர். எங்கள் பக்கம் நான், சுகந்தி, குயா. ஆணையர் நிதானமான மனிதர். கூட்டக் குறிப்பைத் தூக்கிப் பிடித்து, இது எப்போது எழுதப்பட்டது என்று கேட்டார். கூட்டம் நடந்தது வியாழன். தட்டச்சுச் செய்தது திங்கள் என்றார் மேனேஜர். ஞாபகத்திலிருந்தா? ஆம். கூட்டம் நடக்கும்போதே எழுதிய குறிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அதிகாரி முந்திக்கொண்டார். அந்த மனிதர் முழு நேரமும் எழுதிக்கொண்டிருந்தார் என்று குயாவைக் காட்டினார். தங்களிடமும் ஒரு பிரதி இருக்கிறது, வேறு மொழியில் இருப்பதால் யாரும் வாசிக்கவில்லை என்று தன் கோப்பிலிருந்து எடுத்து வைத்தார். அவர்கள் கோப்பிலும் அது கடைசியில்தான் இருந்தது.

"இது என்ன ஆவணம்?" என்று ஆணையர் என்னைக் கேட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் அந்த அறைகளில் நான் சொன்ன பதில்களிலேயே சிறியது அதுதான். "கவிதை."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். பத்து நிமிட இடைவேளை தருவதாகவும், அதற்குள் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரும்படியும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

நடைபாதையில் தண்ணீர்க் குழாயருகே நின்று குயா வரிவரியாக எனக்குச் சொன்னார். நாங்கள் இத்தனை நாள் தேடியதெல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் தாளின் நடுவில் ஒரு வரி வந்தது: மூன்றாம் தரம் சொன்னவன் பேசக் கூடாதவன்.

"யாரது?" என்றேன்.

"நான்தான், சேர்."

"நீங்கள் பேசவில்லை எண்டு வாக்குமூலத்தில இருக்கே!"

"அது நீங்கள் எழுதினது. நான் எழுதினது இது."

பிறகேன் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். உங்களுக்குச் சட்டம் தெரியும் என்று நம்பிவிட்டேன் என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பியிருந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கவிதையை உள்ளே கொண்டுபோனால் என் சாட்சி பொய் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டவர் ஆகிறார். கொண்டுபோகாவிட்டால் இருவர் கையெழுத்திட்ட தாளுக்கு எதிராகச் சுகந்தியின் சொல் மட்டும் நிற்கிறது. மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மூன்று வாரம் ஒத்திவைப்புக் கேட்கலாம், நிச்சயம் கிடைக்கும், அதற்குள் சத்தமில்லாமல் "திருத்திய வாக்குமூலம்" ஒன்றை அனுப்பி, பழையதைக் கோப்புக்குள் புதைத்துவிடலாம். முறைப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. நான் அதைத்தான் செய்ய இருந்தேன். சுகந்தியிடம் விளக்கவும் தொடங்கிவிட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த அம்மாவும் அந்த அறையில இருந்தவதானே அண்ணை. இவர் பேசினது அவவுக்குத் தெரியும். நாங்கள் ஆருக்கு ஒளிக்கிறம்?"

பட்டப்படிப்பு, சட்ட டிப்ளோமா, முப்பத்தொரு வருடம். எனக்கு அது தோன்றவில்லை.

உள்ளே போனதும் நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் எழுந்து நிற்கத் தேவையே இல்லை. வாக்குமூலத்தின் நான்காம் பந்தி தவறானது என்றேன். சாட்சி அதைக் கேள்வி கேட்டார். வழமையான பந்தி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவன் நான். பிழை முழுவதும் என்னுடையது என்றேன். மேனேஜர் புன்னகைத்தார். அதிகாரி புன்னகைக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் குயாவைப் பார்த்தார்.

ஆணையர் வாசிக்கச் சொன்னார். குயா தன் மொழியில் ஒரு வரி வாசித்து, உடனே ஆங்கிலத்தில் சொல்லி, அப்படியே போனார். ஞாபகத்தில் நிற்கும் வரிகளை மட்டும் தமிழில் தருகிறேன்:

சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது.
மேனேஜரின் பேனா மூடியோடு கிடக்கிறது.
பச்சைப் பொத்தானைத் தொடவில்லை என்கிறாள் அவள்.
அந்த அம்மா தயிர்க் கிண்ணத்தின் மூடியை உரிக்கிறாள்.
தொடவில்லை, என்கிறாள் இரண்டாம் தரம்.
கரண்டி பாதி வழியில் நிற்கிறது.
மூன்றாம் தரம் சொன்னவன் பேசக் கூடாதவன்.
பேனா இன்னும் மூடியோடு கிடக்கிறது.

பிறகு அந்த அதிகாரி, யாரிடமும் இல்லாமல், "பீச் தயிர்" என்றார்.

ஆணையர் அவர் பக்கம் திரும்பினார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் சாப்பிட்டது அது மட்டும்தான்," என்றார் அதிகாரி. "இவர் பேசியது உண்மை. நான்தான் நிறுத்தினேன். 'அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள், நீங்கள் மூன்றாம் தரம் சொல்ல வேண்டியதில்லை' என்று சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. இரண்டு தரம் மறுத்தவள் எப்படி ஒப்புக்கொண்டவள் ஆவாள்? கூட்டக் குறிப்பை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். அன்று பதினாலு தாள்கள் கையெழுத்துக்கு வந்தன, வாசிக்கவில்லை என்றார். மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன்.

இருவரும் வெளியே போய்க் கால் மணி கழித்து வந்தார்கள். உட்காருமுன்பே அதிகாரி நேராகச் சுகந்தியிடம், எப்போது வேலைக்குத் திரும்ப விரும்புகிறீர்கள் என்று கேட்டார். கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பது முறையல்ல என்று ஆட்சேபிக்கப் பழக்கத்தில் வாயெடுத்தேன். சுகந்தி அதற்குள் "நாளைக்கு" என்றுவிட்டாள். ஒரு சொல். அதற்குப் பிறகுதான் அழுதாள். குயா தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அது நன்றாக இஸ்திரி போட்டிருந்தது.

இயந்திரத்தின் மின்தொடர்பில் கோளாறு என்று சில வாரம் கழித்து மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். சுகந்தி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது அவள்தான் பிரதிநிதி. புதிதாக வருபவர்களிடம், அந்த நேரம் நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்றுதான் முதலில் கேட்கிறாளாம். நான் ஓய்வு பெறுமுன் செய்த கடைசி வேலைகளில் ஒன்று, வார்ப்பிலிருந்து நான்காம் பந்தியை நீக்கியது. உங்கள் கணினியில் யாராவது அதைத் திரும்பச் சேர்த்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இதிலிருந்து நீதி சொல்லச் சொன்னால் சங்கடம். விதிகளைப் படியுங்கள், படிக்காதவன் விதியை மீறுவதில் பெருமை இல்லை, அது வெறும் அறியாமை. ஆனால் உங்கள் கோப்பில் இருக்கும் தாள் ஒவ்வொன்றையும், அது எந்த வடிவத்தில் இருந்தாலும், எதிராளி வாசிக்குமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிழை உங்களுடையது என்றால் முதல் ஆளாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் இடிந்து விழவில்லை.

அன்றைக்கு எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது: ஒப்பந்தம். மேனேஜரின் கூட்டக் குறிப்பைச் சுகந்தியின் கோப்பிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் கூட்டம் நடந்ததற்கு ஏதாவது ஒரு பதிவு கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்றார். அது நியாயம். மேசையில் இருந்த ஒரே பதிவு எது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்படித்தான் அந்தக் கவிதை, மொழிபெயர்ப்போடு, ஒரு சலவைத் தொழிற்சாலையின் அதிகாரபூர்வ ஆவணமானது.

குயா என் கையைத் தொட்டு, அதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டார். வேலையாளர் பதிவுகளை ஏழு வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம் என்றேன். அவருடைய முதல் கவிதைப் புத்தகம் அச்சகம் மூடியதோடு போனது. இரண்டாவது, கட்டுகள் பிரிக்கப்படுமுன்பே வெள்ளத்தில் ஊறிப்போனது. இரண்டுமே ஒரு வருடம் தாண்டவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு துறைமுகத்தில் முதலாளிமாருக்கு எதிரே உட்கார்ந்த அதே ஆளாக நிமிர்ந்து, அதிகாரியைப் பார்த்து, "பத்து," என்றார். வரிகளை உடைக்கவோ சேர்க்கவோ கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை.

அந்த அம்மாவுக்குக் களைத்துப் போயிருந்தது. "சரி, பத்து," என்றார். நான் இரண்டையும் எழுதினேன், எல்லோரும் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டோம்.

வெளியே ட்ராமுக்கு நிற்கும்போது குயா பேசாமல் இருந்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கவிதைக்குப் பாதுகாப்புக் கிடைத்த நெகிழ்ச்சி என்று நினைத்து நானும் மரியாதையாகப் பேசாமல் நின்றேன்.

ட்ராம் வந்து கதவு திறந்ததும் சொன்னார்: "பன்னிரண்டு கேட்டிருக்கலாம், சேர்."